கடலின் கடிகாரத்தோடு ஒரு நடை
கோகர்ணக் கரையில் எளிய நடைபாதைகள்

பெங்களூருவில் வாழும் தமிழர்களுக்குக் கடல் என்றதும் நினைவுக்கு வருவது பெரும்பாலும் கிழக்குக் கடல்தான். மெரினா, மாமல்லபுரம், நாகப்பட்டினம், திருச்செந்தூர் எனச் சூரியன் நீரிலிருந்து எழும் கரைகளையே நாம் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தோம். நாம் பிழைக்க வந்த கர்நாடகத்திற்கு ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குக் கரை ஒன்று உண்டு. அங்கே சூரியன் கடலில் மறைகின்றது. மலை கடலுக்கு மிக அருகில் வந்து நிற்கின்றது. ஓர் இரவு ரயில் பயணத்தில் அடையக்கூடிய அக்கரையில், காலால் நடந்தே காணவேண்டிய பகுதிகள் சில இருக்கின்றன. அவற்றுள் கோகர்ணத்தை ஒட்டிய பாதைகளை இவ்விதழில் அறிமுகம் செய்கின்றோம்.

கடந்த ஜனவரியில் எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த அறுவர் இப்பாதைகளில் நடந்து வந்தோம். எங்களில் இளையவருக்கு நாற்பத்தொரு வயது. மூத்தவர் பணி ஓய்வுக்கு இரண்டாண்டு தொலைவில் இருப்பவர், முழங்கால் வலிக்காரர். மலையேற்றப் பயிற்சி பெற்றவர் ஒருவரும் இல்லை. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பழகிய கால்களுக்கு இப்பாதை எளிதாகவே இருந்தது. ஆனால் அந்த எளிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதையும் அங்கேயே அறிந்துகொண்டோம். கடற்கரைப் பாதையின் கடினம் அதன் நீளத்தில் இல்லை. நாம் எந்த நேரத்தில் அதில் கால் வைக்கின்றோம் என்பதில் இருக்கின்றது.

தேவாரம் அறிந்த ஊர்

கோகர்ணம் தமிழர்க்கு அயலூர் அன்று. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் பாடிய தலம் அது. தேவாரத் தலங்களை நாடு வாரியாக வகுத்த தமிழ்ச் சைவ மரபு, இதனைத் துளுவ நாட்டுத் தலம் என்று குறிக்கின்றது. அந்நாட்டுக்குரியதாகச் சொல்லப்படும் பாடல் பெற்ற தலம் இது ஒன்றே. புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணம் வேறு, இது வேறு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்வோர் உண்டு.

இராவணன் கயிலையிலிருந்து கொணர்ந்த ஆத்மலிங்கத்தை, மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த விநாயகர் தரையில் வைத்துவிட்டார் என்றும், அதனைப் பெயர்க்க முயன்று இயலாமற்போன இடமே கோகர்ணம் என்றும் புராணம் கூறும். மகாபலேசுவரர் கோயிலில் இருந்து சில நிமிட நடையில் கடல் வந்துவிடுகின்றது. வழிபாட்டுக்கு வருவோர் பெரும்பாலும் அக்கரையோடு திரும்பிவிடுவர். பாதையோ அங்கிருந்துதான் தொடங்குகின்றது.

ஐந்து கரைகள், நான்கு மேடுகள்

கோகர்ணத்தின் தெற்கே கடலை நோக்கி நீண்ட குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. இரு குன்றுகளுக்கு நடுவே ஒரு மணற்கரை. அதைத் தாண்டினால் மீண்டும் ஒரு குன்று. ஊர்க்கரையில் தொடங்கித் தெற்கு நோக்கிச் சென்றால் குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என நான்கு கரைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஊர்க்கரையையும் சேர்த்து ஐந்து. இடையே ஏறி இறங்கவேண்டிய மேடுகள் நான்கு. முழுத் தொலைவு ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 முதல் 7 கிலோமீட்டர். இளைப்பாறி, வேடிக்கை பார்த்து, தேநீர் அருந்திச் சென்றால் மூன்றரை மணி நேரம் ஆகும்.

ஊர்க்கரையின் தென்கோடியில் இராமர் கோயில் ஒன்றும் அதன் அருகே நன்னீர் ஊற்றும் உள்ளன. அங்கிருந்து படிகள் மேலேறுகின்றன. மேலே போனதும் தரையின் நிறம் மாறுகின்றது. செம்பூரான் கல் பாவிய மேட்டுநிலம். இரும்புச் சத்தால் சிவந்து, துளைதுளையாக இருக்கும் கல். மழைக்காலத்தில் அதன்மீது புல் பசுமையாகப் படரும். ஜனவரியில் அப்புல் வைக்கோல் நிறம் கொண்டுவிடும். மேட்டில் நின்று பார்த்தால் பின்னால் கோயில் ஊரும் முன்னால் குட்லேயின் பிறைவடிவக் கரையும் ஒருங்கே தெரியும். அரைமணி நேரத்திற்குள் குட்லேயின் மணலை அடைந்துவிடலாம்.

குட்லேயின் தென்கோடியில் இரண்டாம் ஏற்றம். அதைக் கடந்தால் ஓம் கரை. இரண்டு பிறைகள் நடுவில் ஒரு பாறை முனையில் கூடுவதால், மேலிருந்து பார்ப்போர்க்கு ஓம் என்னும் தேவநாகரி எழுத்தின் சாயல் தோன்றும். பெயரும் அதனாலேயே வந்தது. வாகனம் வரக்கூடிய சாலை இக்கரையின் மேற்புறம் வரை உண்டு. ஆகவே நடக்க இயலாத பெற்றோரை அழைத்துச் செல்வோர், அவர்களை வண்டியில் இங்கு வரவழைத்துச் சேர்ந்துகொள்ளலாம். எங்கள் முழங்கால் வலி நண்பரும் வேண்டுமானால் இங்கே நின்றுகொள்வது என்றுதான் புறப்பட்டார். கைத்தடி ஒன்றின் துணையோடு இறுதிவரை வந்துவிட்டார்.

ஓம் கரைக்கு அப்பால் தார்ச்சாலை இல்லை. நடந்தோ படகிலோதான் செல்லவேண்டும். மூன்றாம் மேட்டின் விளிம்பை ஒட்டி, மரநிழலிலும் வெயிலிலும் மாறிமாறிச் செல்லும் ஒற்றையடிப் பாதை ஹாஃப் மூன் கரைக்கு இட்டுச் செல்கின்றது. பெயருக்கேற்ப அரைமதி வடிவில் அமைந்த சிறு கரை அது. அடுத்த அரைமணி நடைதான் இவ்வழியில் சற்றுக் கடினமானது. பாதை கீழிறங்கிப் பாறைகளின் ஊடே செல்லும். கையூன்றி ஏறவேண்டிய இடங்கள் சில உண்டு. அதைக் கடந்தால் பாரடைஸ். அங்கிருந்து காட்டு வழியாகத் தெற்கே நடந்தால் பேலேகான் என்னும் மீனவக் கரையும், அதற்கும் அப்பால் அகநாசினி ஆற்று முகத்தில் ததடி என்னும் மீன்பிடி ஊரும் வரும்.

கடலுக்கு ஒரு கடிகாரம்

நாங்கள் தங்கிய விடுதியின் உரிமையாளர், முதல்நாள் மாலையே எங்களை அழைத்து ஒரு செய்தி கூறினார்: காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்; பதினொரு மணிக்குள் பாரடைஸ் போய்ச் சேருங்கள்; அதற்குமேல் பாறைப் பகுதியில் நடக்காதீர்கள். முழுநிலவு கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் சொன்னபடியே செய்தோம். திரும்பும்போது படகில் வந்தோம். அப்போது பிற்பகல் ஒரு மணி. காலையில் நாங்கள் ஈரம்படாமல் தாண்டி வந்த பாறைகளின்மீது அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இடமும் பாதையும் அவையே. நான்கு மணி நேரம் மட்டுமே கடந்திருந்தது.

கடல்நீர் ஏறுவதையும் வற்றுவதையும் தமிழில் ஓதம் என்பர். நிலவின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் இதற்குக் காரணம். நம் கரைகளில் ஏறத்தாழ 24 மணி 50 நிமிடங்களுக்குள் நீர் இருமுறை ஏறி இருமுறை இறங்குகின்றது. இரண்டு ஏற்றங்களும் ஒரே அளவின அல்ல. முழுநிலவு, அமாவாசை ஆகிய நாள்களை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் மிகும். அரைநிலவு நாள்களில் இரண்டும் குறையும்.

இதில் நடப்பவர்க்குப் பயன்படும் கணக்கு எளியது. நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக உதிப்பதுபோல, நீர் வற்றும் நேரமும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்கு நீர் வற்றியிருந்தால், நாளை 9.50 அளவில் வற்றும். ஒரு வாரத்தில் இத்தாமதம் சேர்ந்து ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும். அதாவது, இந்த ஞாயிறு காலை 9 மணிக்கு வற்றிக் கிடந்த கரை, அடுத்த ஞாயிறு அதே 9 மணிக்கு நிறைந்திருக்கும். சென்ற வாரம் சென்று வந்த நண்பர் எளிதான வழி என்று சொன்னதை நம்பி, அதே நேரத்தில் நாமும் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை இக்கணக்கே சொல்லிவிடும். கூட்டுவட்டியைப் போல இதுவும் நாம் கவனிக்காவிட்டாலும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

ஓத நேரங்களை அறிவது இன்று கடினமன்று. ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை, காற்று, ஓதம் பற்றிய முன்னறிவிப்புகளை வெளியிடுகின்றது. மீனவர்கள் பயன்படுத்தும் அதே தகவல் நமக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அதனினும் எளிய வழி, கரையில் வலை உலர்த்துபவரைக் கேட்பது.

பாதையை உண்டாக்கியவர்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நீளும் கடற்கரைப் பாதை ஒன்று உலகப் புகழ் பெற்றது. அது இன்பச் சுற்றுலாவுக்காகப் போடப்பட்டதன்று. கடத்தல்காரர்களைக் கண்காணிக்க ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்து நடந்த கரைக்காவலர்களின் கால்பட்டு உருவான வழி அது. கடற்கரைப் பாதைகள் பெரும்பாலும் இவ்வாறே, யாரோ சிலர் தம் தொழிலுக்காக நடந்து நடந்து உண்டாகின்றன. கோகர்ணத்தை ஒட்டிய கரையிலும் மீனுக்கும், உப்புக்கும், சிப்பிக்கும் நடந்தவர்களும் நடப்பவர்களும் உண்டு. அவர்களைக் காணவேண்டுமானால் அகநாசினியின் கழிமுகத்திற்குச் செல்லவேண்டும்.

அகநாசினி என்ற பெயரில் உள்ள ‘அகம்’ தமிழ்ச்சொல் அன்று. பாவம் என்று பொருள்படும் வடசொல். பாவத்தை அழிப்பவள் என்பது பெயரின் பொருள். சிர்சிப் பக்கத்து மலையில் பிறந்து, உஞ்சள்ளியில் 116 மீட்டர் அருவியாக வீழ்ந்து, பெரிய அணை எதனாலும் தடுக்கப்படாமல் கடலை அடையும் ஆறு இது. காவிரியையும் கிருஷ்ணையையும் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, அணையில்லாத ஆறு ஒன்று கடலைச் சேரும் காட்சி புதிது. இதன் கழிமுகத்தில் 4,801 எக்டேர் பரப்பு, 2024 ஜனவரி இறுதியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே அறிவிப்பில் தமிழகத்தின் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயமும் லாங்வுட் சோலைக்காடும் இடம்பெற்றன. அகநாசினிக் கழிமுகத்தை நம்பி 6,000 முதல் 7,500 குடும்பங்கள் வாழ்வதாக அரசின் அறிவிப்பு கூறியது.

அவ்வாழ்வின் ஒரு பகுதியை இரண்டாம் நாள் காலை ததடியில் கண்டோம். நீர் வற்றிய சேற்றுத் திட்டில் பெண்கள் கணுக்கால் அளவு புதைய நின்று, குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தனர். அவர்களில் வயது முதிர்ந்த ஒருவரிடம், எத்தனை மணிக்கு வேலைக்கு வருவீர்கள் அம்மா என்று எங்களில் கன்னடம் நன்கு அறிந்தவர் கேட்டார். மணி எங்கே இருக்கின்றது, நீர் போனால் நாங்கள் வருவோம், நீர் வந்தால் நாங்கள் போவோம் என்றார் அவர். காலை பத்து மணிக்கு முகப்பைத் திறந்து மாலை ஒரே நேரத்தில் கணக்கை முடிக்கும் எங்களுக்கு, நாள்தோறும் 50 நிமிடம் நகர்ந்துகொண்டே போகும் ஓர் அலுவல் நேரம் வியப்பைத் தந்தது.

இக்கழிமுகத்து வயல்களுக்குக் கஜனி நிலங்கள் என்று பெயர். உவர்நீர் ஏறி இறங்கும் இந்நிலங்களில் மழைக்காலத்தில் கக்கா என்னும் பழமையான நெல்லை விதைக்கின்றனர். உப்பையும் வெள்ளத்தையும் தாங்கி வளரும் நெல் அது. தமிழகக் கரையோரத்தில் களர்ப்பாலை, குழியடிச்சான் ஆகிய நெல்வகைகள் செய்யும் வேலையை இங்கே கக்கா செய்கின்றது. அறுவடைக்குப் பின் அதே நிலத்தில் உவர்நீரை விட்டு இறாலும் மீனும் வளர்க்கின்றனர். ஒரே நிலம், இரண்டு பருவம், இரண்டு வருமானம்.

சற்று வடக்கே சாணிக்கட்டாவில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. இவ்வட்டாரத்தின் உப்புக்கு விடுதலைப் போராட்ட வரலாற்றிலும் இடமுண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று அண்டை ஊரான அங்கோலாவில் உப்புச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. அதே மாத இறுதியில்தான் இராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளப்பட்டது. ஒரே மாதத்தில் இரு கடல்களின் கரையிலும் ஒரே செயல் நிகழ்ந்தது.

ததடியிலிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் அகநாசினி என்ற பெயரையே கொண்ட சிற்றூரை அடையலாம். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே கும்டா வரை நடப்போர் உண்டு. அதற்கு இன்னொரு முழு நாளும் நல்ல உடல்வலுவும் தேவை. முதன்முறை செல்வோர்க்கு ஆற்றைக் கடந்து, சிற்றூரைச் சுற்றி வந்து, அடுத்த படகில் திரும்புவதே போதுமானது.

கால் நனைக்கலாம், நீந்தலாகாது

அழகிய கரை அனைத்தும் குளிப்பதற்கு ஏற்ற கரை அன்று. 2024 டிசம்பரில், இதே மாவட்டத்து முருடேசுவரக் கடலில், கோலார் மாவட்டத்திலிருந்து கல்விச் சுற்றுலா வந்த பள்ளி மாணவியர் நால்வர் உயிரிழந்தனர். கடலே இல்லாத ஊரிலிருந்து வந்த பிள்ளைகள். பெங்களூருவிலிருந்து செல்லும் நம் பிள்ளைகளும் அவ்வாறானவர்களே. ஏரியையும் நீச்சல் குளத்தையும் அறிந்தவர்க்குக் கடலைத் தெரியும் என்று ஆகாது.

கரையில் மோதிய அலைநீர் மீண்டும் கடலுக்குத் திரும்பவேண்டும். சில இடங்களில் அது குறுகிய வாய்க்கால்போல் ஒன்றுகூடி வேகமாக வெளியேறும். இதுவே இழுவை நீரோட்டம். அவ்விடத்தில் அலை உடைவது குறைவாக இருக்கும்; பார்ப்பதற்கு அமைதியாகத் தோன்றும். அமைதியான இடம் என்று எண்ணி அங்கே இறங்குவோரே பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றனர். இழுக்கப்பட்டால் கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் போடுவது வலுவை வீணாக்கும். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு தளர்ந்த பின் கரையேற முயலவேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர் தாமும் குதித்துவிடாமல், மிதக்கும் பொருள் எதையேனும் எறிந்து, உயிர்காப்பாளரையும் 112 என்ற எண்ணையும் அழைக்கவேண்டும். எங்கள் குழு நடை முழுவதிலும் முழங்காலுக்குமேல் நீரில் இறங்குவதில்லை என்று முன்பே முடிவு செய்துகொண்டு அதன்படி நடந்தது.

பருவம் மற்றொரு செய்தி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இக்கரையை உலுக்கும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை இருக்கும். நம் கிழக்குக் கரையில் இத்தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதை வாசகர்கள் அறிவர். கடலையே வாழ்வாகக் கொண்டவர் கரையேறி நிற்கும் காலத்தில் நமக்கு அங்கே வேலை இல்லை. 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே சிரூரில் மலைச்சரிவு தேசிய நெடுஞ்சாலை 66இன்மீது விழுந்து பல உயிர்களைப் பறித்தது. தமிழகத்திலிருந்து சென்ற லாரி ஓட்டுநரும் இறந்தோருள் இருந்தனர். மழைக்காலத்தில் இம்மலைகளின் சரிவுகள் எத்தகையவை என்பதற்கு இதுவே போதிய சான்று. நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே நடைக்கு ஏற்றவை. அப்போதும் காலை பத்து மணிக்குமேல் வெயில் கடுமையாக இருக்கும்.

மேடு ஏற இயலாதவர்க்கு

குன்றுகளில் ஏறி இறங்குவது எல்லோர்க்கும் இயலாது. அத்தகையோர் கோகர்ணத்திற்குத் தெற்கே உள்ள ஹொன்னாவருக்குச் செல்லலாம். சராவதி ஆற்றுமுகத்தில் அலையாத்திக் காட்டின் ஊடே மரப்பலகை நடைபாதை ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. சமதளமான குறுகிய நடை. காலடியில் சேறும் வேர்களும் நண்டுகளும் தெரியும். பிச்சாவரத்தைப் படகில் கண்டவர்கள், அலையாத்திக் காட்டை இங்கே நடந்து காணலாம். அருகே உள்ள காசர்கோடு கரை 2020இல் நீலக்கொடிச் சான்று பெற்ற இந்தியக் கரைகளுள் ஒன்று. கேரளத்துக் காசர்கோட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. பயணச்சீட்டு எடுக்கும்போது இதில் கவனம் தேவை.

வரலாற்றில் ஆர்வமுடையோர் வழியில் மிர்ஜான் கோட்டையைக் காணலாம். போர்ச்சுகீசியர் மிளகு அரசி என்று அழைத்த கெருசொப்பை அரசி சென்னபைராதேவியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கோட்டை அது. செம்பூரான் கல்லால் ஆன அதன் மதில்களின்மீது மெல்ல நடந்து வரலாம்.

பயணமும் பணமும்

பெங்களூருவிலிருந்து கோகர்ணம் சாலை வழியே ஏறத்தாழ 480 கிலோமீட்டர். பஞ்சகங்கா விரைவு ரயில் மாலையில் பெங்களூருவிலிருந்து புறப்பட்டு, இரவில் சக்லேஷ்பூர் மலைத்தொடரைக் கடந்து, மறுநாள் காலை கோகர்ண ரோடு நிலையத்தை அடைகின்றது. நிலையத்திலிருந்து ஊர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, ஆட்டோ கிடைக்கும். பையில் ஒருவர்க்கு இரண்டு லிட்டர் நீர், தொப்பி, பிடிப்புள்ள காலணி, அன்றாட மருந்துகள், கைவிளக்கு ஆகியவை இருக்கவேண்டும். காட்டுப்பகுதிகளில் நடை, முகாம் பற்றிய விதிகள் மாறக்கூடும். புறப்படும் முன் வனத்துறையிடமோ தங்கும் விடுதியிலோ கேட்டறிக.

வங்கியாளர் என்ற முறையில் சில சொற்கள். விடுமுறைக் காலத்தில் விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்கள் முளைக்கின்றன. பாதி விலை என்று சொல்லி முழுத் தொகையையும் உடனே அனுப்பச் சொல்லும் எவரிடமும் எச்சரிக்கை தேவை. விடுதியின் தொலைபேசி எண்ணை வேறொரு வழியில் சரிபார்த்த பின்னரே பணம் அனுப்புக. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் அளித்து, உங்கள் வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால் பணம் மேலும் கைமாறாமல் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

ஓம் கரைக்கு அப்பால் கைபேசி இணைப்பு பல இடங்களில் நின்றுபோகும். இளநீர் வெட்டித் தருபவருக்கும் படகோட்டிக்கும் கொடுக்கப் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நலம். அத்தாள்கள் அங்கேயே தங்குகின்றன என்பதையும் நினைவிற்கொள்க. பெரிய விடுதிக்கு நாம் செலுத்தும் தொகையில் பெரும்பகுதி வேறு ஊருக்குச் சென்றுவிடக்கூடும். படகுக் கட்டணமும் மீன்குழம்புச் சோற்றுக்கான விலையும் அவ்வூர்க் குடும்பத்திடமே நேரே சேர்கின்றன. 2018–19 நிதிநிலை அறிக்கையில் உழவர் கடன் அட்டை வசதி மீனவர்க்கும் நீட்டிக்கப்பட்டது. வலையும் ஐஸ் கட்டியும் டீசலும் வாங்க அக்கடன் உதவும். ஆனால் அன்றாட அடுப்பு எரிவது அன்றாடக் கைக்காசில்தான்.

தொழில் நின்றால் பாதையும் நிற்கும். மீனவர் வராத குன்றில் புதர் மண்டிவிடும். சிப்பி பொறுக்குவோர் இல்லாத கழிமுகத்தில் நீர் எப்போது வற்றும் என்று சொல்ல ஆள் இருக்காது. பயணிகள் ஏறாத படகு நாளடைவில் கரையேற்றப்படும். ஆகவே இப்பாதையில் நடப்போர்க்கு மூன்று கடமைகள் உண்டு என்று கருதுகின்றோம். கொண்டு சென்ற நெகிழிப் பொருள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவருதல். உலரும் வலையையும் உப்புப் பாத்தியின் வரப்பையும் மிதியாதிருத்தல். அவ்வூரார் சொல்லும் நேரத்தை நம் அவசரத்திற்காக மீறாதிருத்தல்.

பயணச்சீட்டு எடுக்கும் முன் நாள்காட்டியில் இரண்டைப் பாருங்கள்: விடுமுறை எந்நாள் என்பதை ஒன்று, அந்நாளில் நீர் வற்றும் நேரம் எது என்பதை மற்றொன்று. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் நீர் வற்றும் ஞாயிறு கிடைத்தால் அதுவே உங்கள் நாள். கிடைக்காவிட்டால் ஒரு வாரம் காத்திருங்கள். ஓதம் திரும்பி வரும்.